கல்யாணம் பண்ணிவைத்தால் திருந்திவிடுவானா? போதை விஷயத்தில் குடும்பங்களும் உதவ வருபவர்களும் செய்யும் தவறுகள்

கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கிற சர்ரேயில் பஞ்சாபிகள் அதிகம். அந்த ஊர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், போதைமருந்துச் சாவுகள் எகிறிப்போய் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது. பஞ்சாபி வீடுகளிலும் பிள்ளைகள் செத்தார்கள், ஆனால் வெளியே "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி முடித்துவிட்ட வீடுகளும் உண்டு. காரணம் இஸ்ஸத், நம் பாஷையில் மானம்.

முதல் தவறு அங்கேதான். பையன் எதையோ எடுக்கிறான் என்று தெரிந்ததும் அப்பா கத்துவார், அம்மா அழுவார், அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் பேஸ்மென்ட் ரூமைத் தாழிட்டுக்கொண்டு தனியாக எடுப்பான். கள்ளச்சந்தைச் சரக்கில் ஃபென்டனில் என்கிற வீரியமான போதைமருந்து கலந்திருந்தால் மூச்சு நிற்கச் சில நிமிஷம் போதும், மேலே சமையலறையில் இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காது. நின்றுபோகும் மூச்சை மீட்டுத் தரும் மாற்று மருந்தான நலோக்சோன், கிட்டாக அங்கே மருந்துக்கடையில் இலவசம். "அதை வீட்டில் வைத்தால் நாமே எடுக்கச் சொன்ன மாதிரி ஆகாதா?" என்று கேட்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆகாது. நெருப்பு பிடிக்கட்டும் என்றா தீயணைப்பான் வாங்கி மாட்டுகிறோம்? ஆள் எழவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் உடனே அங்கத்திய அவசர எண்ணான 911-ஐக் கூப்பிட வேண்டும், ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், கூடவே நலோக்சோன். அவன் கண் விழித்ததும் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று அனுப்பிவிடாதீர்கள், நலோக்சோனின் வேகம் 20 முதல் 90 நிமிஷத்துக்குள் இறங்கிவிடும், மூச்சு மறுபடி நிற்கலாம். போலீஸ் பிடிக்குமோ என்ற பயமும் வேண்டாம்: சொந்த உபயோகத்துக்குப் போதைமருந்து வைத்திருந்ததற்காக, உதவிக்குக் கூப்பிட்டவர் மேலும் அங்கே இருப்பவர்கள் மேலும் வழக்குப் போடக் கூடாது என்று 2017-லேயே கனடாவில் சட்டம் வந்துவிட்டது.

அடுத்தது, ஊருக்கு அனுப்புவது. பஞ்சாபில் ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் அடைத்துப்போட்டு, வந்ததும் பெண் பார்ப்பார்கள். (இந்த வைத்தியம் நம் பக்கத்திலும் உண்டு, சிரிக்காதீர்கள்.) மூன்று மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது, திரும்பி வந்து அதே அளவை எடுத்தால் ஆளே போய்விடுவான். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் சாவு ஆபத்து அதிகம். அதனால்தான் டாக்டர்கள், போதை ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் அல்லது சுபாக்ஸோன் என்கிற மருந்தை நீண்டநாள் கொடுத்து வருகிறார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று உறவுக்காரர் யாராவது கேட்டு, பாதியில் நிறுத்த வைத்துவிடுவார்கள். பஞ்சாப் அரசே 2017-இல் இருந்து கிளினிக் திறந்து அதே வகை மாத்திரையைக் கொடுத்து வருகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

டோடா என்கிற கசகசாக் காய்ப் பொடியைத் தேநீரில் போட்டுக் குடிக்கும் லாரி ஓட்டுநர்களும் கட்டட வேலைக்காரர்களும் அதைப் போதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செடியில் வந்ததுதானே என்பார்கள். அதில் இருப்பது மார்ஃபின்.

குடிக்கு வருவோம். இங்கே உதவ வருபவர்களே கோட்டை விடுகிறார்கள். "தினமும் எத்தனை?" என்று நர்ஸ் கேட்கிறார், அங்கிள் "ரெண்டு பெக்" என்கிறார், நர்ஸ் இரண்டு என்று எழுதிக்கொள்கிறார். அது பட்டியாலா பெக். கிளாஸை ஒட்டிக் கையை வைத்து, சுண்டுவிரலில் இருந்து ஆள்காட்டி விரல் உயரம் வரை ஊற்றுவது, சுமார் 120 மில்லி என்பார்கள். கனடாவில் விஸ்கி மாதிரிச் சரக்கில் ஒரு டிரிங்க் என்பது 43 மில்லி. ஆக அங்கிள் சொன்ன இரண்டு, உண்மையில் ஐந்தரை. எத்தனை பெக் என்று கேட்பதை விட, ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்று கேட்டால் உண்மை வரும்.

அந்த அங்கிளே ஒருநாள் குருத்வாராவில் சத்தியம் செய்துவிட்டு, மறுநாள் காலையில் இருந்து ஒரு சொட்டு தொட மாட்டார். நம் ஊரில் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது மாதிரிதான். சத்தியத்தைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை, அது பெரிய பலம். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே சத்தியத்துக்கு முன்னால் டாக்டர்.

மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பதும் வேண்டாம். அப்பா அம்மாவை அடித்ததைப் பன்னிரண்டு வயதுப் பெண் எப்படி ஆங்கிலத்தில் சொல்லும்? சர்ரேயில் தெற்காசியர்களுக்கென்றே ரோஷ்ணி கிளினிக் இருக்கிறது, பஞ்சாபியிலும் இந்தியிலும் பேசலாம். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் ஈழத்துக் குடும்பத்துக்குப் பஞ்சாபித் துண்டறிக்கையை "தெற்காசியர்தானே" என்று நீட்டினால் பயனில்லை, அவர்கள் கதை வேறு, போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

மனைவியிடம் பேசுவதென்றால் தனியாகப் பேசுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது "வீட்டில் எல்லாம் எப்படி?" என்று கேட்டால், "டீக் ஹை ஜி" (நல்லாத்தான் இருக்குங்க) தவிர வேறு பதில் வராது.