புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளை பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டிய தாள்

முடி திரும்ப வளர்ந்துவிட்டால் பள்ளியில் எல்லாரும் 'அதான் குணமாயிடுச்சே' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று வருடம் மருந்து எடுத்த பிள்ளைக்குப் படிப்புச் சிரமம் பல நேரம் சிகிச்சையெல்லாம் முடிந்து சில வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அப்போது அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவார்கள். இது அநியாயம்.

அதனால் அடுத்த கிளினிக் தேதியில், கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ, எந்தெந்த மருந்து கொடுத்தார்கள், அது வகுப்பில் எதைப் பாதிக்கலாம் என்று டாக்டரிடம் மலாயில் ஒரு தாளில் எழுதித் தரக் கேளுங்கள். வின்கிறிஸ்டின் விரல் நரம்பைப் பாதிக்கும், எழுத்து மெதுவாகும். டாக்ஸோரூபிசின் என்றால் இதயத்தைப் பரிசோதித்து டாக்டர் சரி சொன்ன பிறகுதான் குறுக்கோட்டம் மாதிரி நீண்ட தூர ஓட்டமெல்லாம். சிஸ்பிளாட்டின் காதில் கை வைக்கும், அதுவும் உயர்ந்த ஒலிகளில்தான் முதலில்; மின்விசிறி சத்தத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு டீச்சர் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. முன் வரிசை கேளுங்கள். தலைக்குக் கதிர்வீச்சோ முதுகுத்தண்டில் மருந்தோ கொடுத்திருந்தால் கவனமும் வேகமும் அடிபடலாம். 'புத்தகத்தை எடு, 40ஆம் பக்கம், மூன்றாவது கேள்வியைச் செய்' என்று ஒரே மூச்சில் சொன்னால், புத்தகம் மட்டும் மேசைக்கு வரும். விஷயம் தெரியும், நேரம்தான் வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் பரவாயில்லை, கேண்டீன் அக்கா வரைக்கும் பிள்ளையைத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஆலோசக ஆசிரியர் மூவருக்கும் நீங்களே நகல் கொடுங்கள். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படும் போலிருந்தால் நான்காம் படிவத்திலேயே பள்ளியில் பேச்செடுங்கள், மருத்துவக் கடிதமெல்லாம் சேர்க்க நாளாகும்.

அப்புறம் அம்மை. நம் வீடுகளில் அம்மை போட்டால் வெளியே சொல்லத் தயங்குவோம். ஆனால் சிகிச்சையில் இருக்கும், இப்போதுதான் முடித்த பிள்ளைக்கு அது பெரிய ஆபத்து. வகுப்பில் யாருக்காவது கண்டால் அன்றைக்கே தெரியப்படுத்தும்படி வாட்சாப் குழுவில் கேட்டு வையுங்கள், செய்தி வந்ததும் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கூட்டாளிகளிடம் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒட்டிக்கொள்ளுமா என்று எப்படியும் கேட்பார்கள். 'ஒட்டாது, மருந்தெல்லாம் முடிஞ்சுது, வா விளையாடலாம்' என்று வீட்டிலேயே சொல்லிப் பழகிவிட்டுப் போனால் போதும்.