பதினாறு அங்குல ரிம்முக்கு எந்த டயர்?

நான் வாங்கிய பழைய மைவி காரில் முந்தைய உரிமையாளர் 16 அங்குல ரிம்மும் 195/55 டயரும் (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு) மாட்டியிருந்தார். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் முன்டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும். அந்த இடத்தில் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் அசல் அளவு 185/55 ஆர்15, அதாவது 15 அங்குல ரிம். அகலத்தில் 55 விழுக்காட்டை இரட்டித்து, 25.4ஆல் பெருக்கிய ரிம் அங்குலத்தோடு கூட்டினால் விட்டம் 584.5 மில்லிமீட்டர். மாட்டியிருந்ததோ 621! இவ்வளவு கூடினால் வேகமானியே வேகத்தைக் குறைத்துக் காட்டும், அது ஆபத்து.

பட்டர்வொர்த் டயர் கடையில் 195/50 எடுத்துக் காட்டினார்கள். அதுவும் 601. விடாமல் 195/45 கேட்டு வாங்கினேன்: 582. டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு அசலின் 82க்குக் குறையவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். உரசல் அடியோடு நின்றது. பக்கச்சுவர் குட்டை என்பதால் குழிகளில் மெதுவாகப் போகிறேன். காற்றழுத்தத்தையும் அடிக்கடி பார்க்கிறேன்.