‘ஏன்’ என்று கேட்காமல் உண்மையை வாங்குவது எப்படி?

உங்கள் உள்வீதிக்குக் கொங்கிரீட் போட்டார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள், மாரி வந்ததும் போட்ட பாதியும் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேநீர்க் கடையில் அன்றைக்கே "மெம்பர் காசு அடிச்சிட்டார்" என்று தீர்ப்பு வந்துவிடும். நடந்தது என்னவென்று தெரிய வேண்டுமானால் வீதி போட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும், அதைத் தமிழிலேயே எழுதலாம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. திருகோணமலையில் இன்னும் பலர் இதைப் பத்திரிகைக்காரரின் சங்கதி என்றே நினைக்கிறார்கள். இலங்கைப் பிரஜை யாரும் அரச அலுவலகத்திடம் அதன் கையில் உள்ள தகவலைக் கேட்கலாம், எதற்கென்று காரணம் சொல்லத் தேவையில்லை. "இது உங்களுக்கு எதுக்கு?" என்று கவுண்டரில் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கடிதத்தை நீட்டுங்கள். எழுத வராத அம்மாக்கள் வாயால் சொன்னாலும் அதை அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது கேள்வியில்தான். "எங்கள் வீதியை ஏன் பாதியில் விட்டீர்கள்?" என்று எழுதினால் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அலுவலகம் தன் கையில் இருக்கும் தகவலைத்தான் தரும். ‘ஏன்’ என்பதற்குக் கோப்பு கிடையாது. அதனால் கோப்பில் இருப்பதையே கேளுங்கள்: "இன்ன வீதியில், இன்ன ஆண்டு நடந்த கொங்கிரீட் வேலைக்கான மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, இதுவரை செலுத்திய கொடுப்பனவு வவுச்சர்களின் பிரதி." எத்தனை மீற்றர், எத்தனை ரூபா, எந்தத் திகதி என்பதெல்லாம் அதிலேயே வந்துவிடும். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்; வசை எழுதிய கடிதம் மேசைக்கு அடியில்தான் கிடக்கும்.

கொடுத்தவுடன் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்த அலுவலகத்தில் இதற்கென்று இருக்கும் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ வாயே திறக்காவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம், அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் எழுதலாம். பலர் முதல் மௌனத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிழை விடுகிறார்கள்.

பிரதி கைக்கு வந்ததும் முழுவதையும் வாசியுங்கள். ஒப்பந்தமே பாதி வீதிக்குத்தான் என்றிருக்கலாம், அப்படியானால் மெம்பரைத் திட்டியதெல்லாம் வீண். முழு நீளத்துக்கும் காசு போயிருந்தால் அது வேறு கதை, அப்போது உங்கள் கையில் வதந்தி இல்லை, வவுச்சர் இருக்கிறது.

வீட்டிலும் இதே முறைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: எங்களுக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டியூஷனுக்குப் போகாமல் மகன் டச்பே கடற்கரையில் நின்றதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? ஒன்றும் தெரியாதவர்போல "டியூஷன் எப்பிடி?" என்று கேட்டு, அவன் "நல்லம்" என்றதும் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்ததே நாங்கள்தான். தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள்: "தம்பி, நேற்று நாலு மணிக்குக் கடற்கரையில நிண்டியாம். எத்தனை நாளாப் போகேல்லை?" இதற்கு எண்ணைத்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிடுவான். சொன்ன பிறகு அடிக்காதீர்கள், அன்றிரவு மாமாவுக்குப் போன் பண்ணிப் புலம்பவும் வேண்டாம்.

மச்சானுக்குக் கொடுத்த கடனும் அப்படித்தான். "ஏன் ஏமாத்துறீங்கள்?" என்றால் சண்டைதான் வரும். "மச்சான், இதுவரைக்கும் எவ்வளவு தந்தனீங்கள், மிச்சம் எவ்வளவு, ரெண்டு பேரும் எழுதிப் பார்ப்பமா?" என்று கேளுங்கள். சில நேரம் உங்கள் கணக்குத்தான் பிழையாக இருக்கும்.

கடைசியாக, கிடைத்த ஆவணத்தைப் பேஸ்புக்கில் போட ஆசை வரும். போடலாம். ஆனால் ஒப்பந்தக்காரரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தால் மறையுங்கள். உங்களுக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் வெட்டிப் போடாமல் எல்லாப் பக்கத்தையும் போடுங்கள், மெம்பர் பக்கம் நியாயம் சொல்லும் பக்கம் இருந்தால் அதையும் சேர்த்து.