ராக் பாடுகிறவர்கள் மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இப்போது நாலு பையன்கள் சேர்ந்தால் ஒரு பேண்ட். கல்லூரி விழாவில் ஆரம்பித்து, கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரி வரை வந்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே இரண்டு ராக் பாட்டு பாடினால் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நான் செய்ததையே இவர்களும் வரிசை தவறாமல் செய்கிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐஸ் தண்ணீர் குடிக்காதே, சிகரெட் பிடிக்காதே, தூக்கம் கெடாதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மைக்கைத் தேடிக் கழுத்தை நீட்டுவது

இந்த ஒன்றுக்காகவே முழுக் கட்டுரையும் எழுதலாம். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பாபநாசம் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. பாடுகிற தம்பி நல்ல உயரம், தோளில் கிட்டார். மைக் ஸ்டாண்டின் திருகு தேய்ந்துபோய், அது அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தி, ஸ்டாண்டை ஏற்றி, இறுக்கிவிட்டுப் பாடியிருக்கலாம். அவன் முதுகைக் கூனி, கழுத்தை முன்னே நீட்டி, தாடையை மேலே தூக்கி மைக்கைத் துரத்திப் பாடினான். மூன்றாவது பாட்டில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. ஐந்தாவது பாட்டில் மேல் ஸ்தாயி வரவில்லை, வெறும் காற்று வந்தது. மிச்சக் கச்சேரியை கீபோர்டு வாசித்த பையன் ஒப்பேற்றினான். விழாக் கமிட்டி பேசிய தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு குரல்நாணும் வீங்கியிருக்கிறது, பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆடி மாதம் வேறு, கையில் இருந்த அடுத்த கச்சேரிகளும் போயின.

இத்தனைக்கும் காரணம் என்று அவன் சொன்னது என்ன தெரியுமா? “இடைவேளையில் குடித்த சர்பத்துண்ணே.”

சர்பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. குரல்வளை எலும்போடு இறுக்கிப் பொருத்தப்பட்டது அல்ல. தாடைக்கு அடியிலும் நெஞ்செலும்பிலும் இருந்து வருகிற தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தாடையை முன்னே தள்ளி மேலே தூக்கினால் அந்தத் தசைகள் விறைத்து, குரல்வளையையும் மேலே இழுக்கும். தொண்டைக்குள் ஒலி சுற்றி வளர்கிற இடம் குறுகும். சத்தம் மெலிகிறதே என்று பாடுகிறவர் இன்னும் காற்றை அழுத்துவார். அந்த அழுத்தத்தைத் தடுக்கக் குரல்நாண்கள் இன்னும் இறுகி மோதும். சாதாரண ஏ சுரத்தை, அதாவது 440 ஹெர்ட்ஸைப் பாடும்போதே அவை ஒரு நொடிக்கு 440 முறை மோதுகின்றன. இறுகிய நிலையில் அப்படி ஒரு மணி நேரம் மோதினால் வீங்காமல் என்ன செய்யும்? இதில் கொடுமை, பாடுகிறவரின் தலைக்குள் அது பெரிய சத்தமாகக் கேட்கும். கீழே நிற்கிறவருக்குத் தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் இப்போதே தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு சிரமம்! அந்த நிலையில்தான் உச்சத்தைப் பாடப் போகிறீர்கள்.

நம் ஊர் நாதஸ்வரக்காரர்களை ஒரு நாள் ஓரமாக நின்று கவனியுங்கள். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசிக்கிறார்கள். வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், உதட்டை நீட்டி வாத்தியத்தைத் தேடுவதில்லை. நெஞ்சு திறந்திருக்கும், தோள் கீழே இருக்கும். மைக்குக்கும் அதே கணக்குதான்.

உடனே ஒருவர் கேட்பார், மோட்டார்ஹெட் என்ற ஆங்கில ராக் பேண்டின் பாடகர் லெம்மி மைக்கை உயரத்தில் வைத்து, அண்ணாந்து பார்த்துத்தானே பாடினார் என்று. ஆமாம். அவர் பாடியது அந்தக் கரகரத்த குரலில், அவருக்கென்றே அமைந்த பாட்டுகளை. அந்த நிலையில் நின்று சுத்தமான மேல் ஸ்தாயியைப் பிடிக்க நீங்கள் முயன்றால் நிலைமை வேறு.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள், குதிகால் சற்று முன்னே இருக்கட்டும். காது தோளுக்கு நேர் மேலே வர வேண்டும். தாடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படியே பாட்டின் உச்ச வரியைப் பாடுங்கள். முதலில் சத்தம் குறைந்ததுபோல் தோன்றும். போனில் பதிவு செய்து கேட்டால் உண்மை தெரியும். பிறகு அதே நிலையில் சுவரை விட்டு வந்து, கிட்டாரையும் மாட்டிக்கொண்டு, மைக்கின் தலை உங்கள் வாய்க்கு வரும்படி ஸ்டாண்டை வையுங்கள். உச்சம் வரும்போது புருவம் தூக்கலாம், கை தூக்கலாம், தாடையை மட்டும் தூக்காதீர்கள்.

மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பது

வீடியோவில் பார்த்துப் பழகியது. பாடகர்களுக்கான மைக் பெரும்பாலும் முன்பக்கச் சத்தத்தை எடுத்து, பின்பக்கத்தை ஒதுக்கும்படி செய்தது. 1966இல் வந்து இன்றும் மேடைதோறும் கிடக்கிற ஷூர் எஸ்எம்58ம் அந்த வகைதான். வலைக்குப் பின்னால் இருக்கிற திறப்புகளைக் கையால் அடைத்தால் அந்த ஒதுக்கும் வேலை கெட்டுப்போகும். பாடுகிறவர் தன் குரலைக் கேட்பதற்காக எதிரே வைத்திருக்கிற மானிட்டர் ஸ்பீக்கரின் சத்தமும் உள்ளே புகுந்து மைக் கூவும். மைக் செட்டுக்காரர் என்ன செய்வார்? உங்கள் சத்தத்தைக் குறைப்பார். குறைந்ததும் நீங்கள் கத்துவீர்கள். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, கையை எடுங்கள்.

தன் குரல் கேட்காமல் கத்துவது

சத்தமான இடத்தில் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1911இலேயே எழுதிவைத்தார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் உறுமுகிற இடத்தில், மானிட்டர் வேறு பக்கம் திரும்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். மானிட்டரைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். அதுவும் இல்லாத மேடையா, ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காதுக்குள் உங்கள் குரல் தெளிவாக ஒலிக்கும்.

நெஞ்சு முட்ட மூச்சு இழுப்பது

“தம் கட்டிப் பாடு” என்று பெரியவர்கள் சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தோள் காது வரை ஏற மூச்சை இழுக்கிறார்கள். அவ்வளவு காற்றும் முதல் வார்த்தையிலேயே முட்டிக்கொண்டு வெளியேறும். இன்னொரு கூட்டம் வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு, உதரவிதானத்தால் பாடுகிறேன் என்கிறது. உதரவிதானம் மூச்சை இழுக்கும்போது வேலை செய்கிற தசை. பாடும்போது நம் வேலை, விரிந்த விலாவைச் சட்டென்று விழவிடாமல் மெதுவாக இறக்குவதுதான். ஸ்... என்று சீராகக் காற்றை விட்டு, விலா இறங்குகிற வேகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். இறுக்கமான பெல்ட் இருந்தால் இது நடக்காது.

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவையாற்று ஆராதனையில் கோஷ்டியோடு உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடிய பெண்ணுக்குச் சுருதியும் மூச்சுக் கணக்கும் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தம். ஆனால் சம்மணமிட்ட இடுப்பு தந்த பிடிமானம் நின்றால் இருக்காது. காலை ஒட்டி வைத்து விறைத்து நிற்கிறார், குரல் பாதியாகிறது. கால்களை இடுப்பகலம் பிரித்து, ஒரு காலைச் சற்று முன்னே வைத்தால் போதும். அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

முட்டி

நிற்கும்போது முழங்காலை விறைக்காதீர்கள்.

கரகரப்பு

வலித்தால் நிறுத்துங்கள். குயின் பேண்டின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரியின் குரலைப் பற்றி 2016இல் வந்த ஆய்வு, அந்த முரட்டு ஒலியில் குரல்நாணுக்கு மேலே இருக்கிற போலி மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்திருக்கலாம் என்று காட்டியது. தொண்டையைத் தேய்த்து அது வராது. ஆசிரியர் இல்லாமல் பழகவும் வேண்டாம்.

மிளகும் பனங்கற்கண்டும்

நானும் வாயில் போட்டுக்கொள்வேன், இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. நேராகப் போய்ச் சேர்வது நீராவி மட்டும்தான். தண்ணீரை மேடையில் ஏறியபின் குடிப்பதைவிடக் காலையிலிருந்தே குடியுங்கள். கச்சேரி முடிந்து நடுராத்திரியில் கமிட்டி போடுகிற பிரியாணியைச் சாப்பிட்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடும். மறுநாள் காலைக் கரகரப்புக்குப் பல சமயம் பாட்டு காரணமே இல்லை.

ஸ்டாண்ட்

உங்களுடையதையே கொண்டுபோங்கள். வாடகை ஸ்டாண்டின் திருகை நம்ப வேண்டாம். டிக்கியில் ஒரு இன்சுலேஷன் டேப்பும் இருக்கட்டும், இறங்குகிற குழாயைச் சுற்றிவிட்டால் கச்சேரி முடியும் வரை அசையாது.