பில் இல்லையா, பில் வேறு பெயரிலா? வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்மில் பொருள் நம்முடையது என்று காட்டுவது எப்படி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அதில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நாசமான சாமான்களுக்கு கிளெய்ம் போட்டுப் பணம் வாங்கினேன். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "பில்லெல்லாம் தண்ணியில போயிருச்சு, எதைக் காட்டறது?"

கிளெய்ம் பதிவு செய்வதை எல்லாம் இங்கே எழுதவில்லை, பாலிசியில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த வீட்டு பாலிசி பெரும்பாலும் 'பாரத் கிருஹ ரக்ஷா'வாக இருக்கும். அதில் கட்டடத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்களோ அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே உண்டு. ரொக்கமும் வண்டியும் அந்தக் கணக்கில் வராது. பீரோவில் நனைந்த நோட்டுக்கும் வாசலில் நின்ற பைக்குக்கும் இதில் அத்தாட்சி தேட வேண்டாம்.

1. எதையும் வெளியே போடாதீர்கள்

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பழைய இரும்புக்காரரிடம் எதையும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் முழுதாக ஒரு படம், சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். ஃபிரிட்ஜுக்கு உள்பக்கச் சுவரில் இருக்கும், டிவிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பெரும்பாலும் பின்னால். சேறு காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அந்த எண் போனால் பாதி வேலை போச்சு.

2. பில்லைத் தேடும் இடங்கள்

ஆன்லைனில் வாங்கியதென்றால் ஆர்டர் பட்டியலிலேயே இன்வாய்ஸ் கிடைக்கும். தவணையில் வாங்கியிருந்தால் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட், கார்டில் தேய்த்திருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட். வாஷிங் மெஷின், ஏசி மாட்டிக் கொடுத்த அன்று சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த மெசேஜ் போனில் பலருக்கு அப்படியே கிடக்கும்.

ஊர்க் கடையில் வாங்கியிருந்தால் நேரில் போய் போன் நம்பரைச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் பில் போடும் கடையில் அதைவைத்தே தேடிவிடுவார்கள். "பழசு, இருக்காது" என்று தட்டிக்கழித்தால் விடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு நிதியாண்டின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் அந்தக் கணக்குகளைக் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும்.

3. பில்லில் யார் பெயர்?

நான் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ மூன்றும் என் மனைவிக்கு வந்த சீர். பில் இருக்கிறது, ஆனால் மாமனார் பெயரில். பாலிசி என் பெயரில். "இது உங்க பொருள்னு எப்படிங்க எழுதறது?" என்றார் சர்வேயர். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் காகிதத்தைப் பார்த்துத்தான் எழுத முடியும். நம் பக்கத்தில் பாதி வீட்டில் பெரிய சாமான்கள் இப்படி வந்தவைதானே.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதைத்தான்: மாமனார் வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதினார். பில் எண், தேதி, ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண், இன்ன தேதியில் நடந்த கல்யாணத்துக்கு மகளுக்குச் சீராகக் கொடுத்தது என்ற ஒரு வரி, கையெழுத்து. அதோடு அவருடைய ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, மண்டபத்தில் சீர் அடுக்கி வைத்திருந்த ஆல்பம் படம். பில்லில் இருக்கும் பெயரிலிருந்து நம் வீடு வரைக்கும் இடையில் கண்ணி விடுபடாமல் காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாத்திரத்துக்கு பில் தேடவே வேண்டாம். எவர்சில்வரிலும் பித்தளை அண்டாவிலும் பெயரும் தேதியும் வெட்டித்தானே வைத்திருக்கிறோம்? அதைப் படம் எடுங்கள். பரிசாக வந்தவற்றுக்கு மொய் நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.

4. நகை

நகைக்குத் தனியாகக் கவர் எடுத்திருந்தால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு. ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருந்தால், அதை ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் என்ன நகை, எத்தனை காரட் என்பது வரும். யாருடையது என்று வராது! அதற்கு அடகுச் சீட்டுதான் கைகொடுக்கும். பேங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ எப்போதாவது நகைக்கடன் வாங்கியிருந்தால் உங்கள் பெயரில் நகையின் விவரமும் எடையும் அங்கே பதிவாகியிருக்கும். மீட்டாகிவிட்டது என்று சீட்டைக் கிழிக்காதீர்கள்.

5. அனுப்பும் விதம்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த தேதி விவரம் கழன்றுவிடும். ஈமெயிலில் அனுப்புங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாமான் பட்டியல் போட என்றே ஆப்கள் இருக்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை. கூகுள் ஷீட் போதும்: பொருள், வாங்கிய வருடம், விலை, சீரியல் எண், எந்த அத்தாட்சி. கடை பில்லின் மை ஒரு வருடத்திலேயே வெளுத்துவிடுகிறது, வாங்கிய அன்றே கூகுள் டிரைவில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: அரூரிலிருந்து ஒருவர், "காகிதம் இல்லைன்னு கிளெய்மையே தள்ளிட்டாங்க" என்று எழுதியிருந்தார். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இன்னொன்று: ஓசூரில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். வாடகை வீட்டிலும் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். ஆனால் வீட்டோடு வந்த ஃபேன், கீசர், கட்டில் எவை, நீங்கள் கொண்டுவந்தவை எவை என்று வாடகை ஒப்பந்தத்திலேயே பட்டியல் போட்டு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குடிபோகும் அன்றே கேட்டால் போட்டுக் கொடுத்துவிடுவார்.