கட்டைப்பை நிறைய பில் சேர்ப்பதற்கு முன்

2024 மார்ச்சில் வேலையை விட்டேன். அதற்கு முன் பத்து வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட். வருமான வரி என்றால் அலுவலகத்தில் கொடுக்கும் ஃபாரம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), அவ்வளவுதான் தெரியும். ஏப்ரலிலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். "சொந்தத் தொழில்னா செலவையெல்லாம் வரியில கழிச்சுக்கலாம்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வருடம் முழுக்க ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பில்லாகச் சேர்த்தேன். தென்காசி சைட்டுக்குப் போன பெட்ரோல், பிளான் பிரிண்ட், சைட் மேஸ்திரிக்கு வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும்.

அடுத்த ஜூனில் பையைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டர் அண்ணாச்சியிடம் போனால், அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வரவு எவ்வளவும்மா?" என்றார்.

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வரவு 13,40,000 ரூபாய். என்னைப் போன்றவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ (2026 ஏப்ரலுக்கு முன் இருந்த எண்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வக்கீல், டாக்டர், எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், இன்டீரியர் டெக்கரேட்டர், ஐடி தொழில் செய்பவர், சினிமாக் கலைஞர் என்று பட்டியலிட்ட சில தொழில்களுக்கு மட்டும் அது பொருந்தும். (சினிமாக் கலைஞர் என்றால் நடிகர் மட்டுமில்லை, எடிட்டர், கேமராமேன், வசனம் எழுதுபவர் எல்லோரும் அதில் அடக்கம்.) வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த வரம்பு 75 லட்சம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பில் கேட்க மாட்டார்கள்.

நான் நம்பவில்லை. ஒரு வருட உழைப்பு அந்தப் பை! அவர் ஒரு தாளில் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டினார். நீங்களும் போட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் போதும்.

என் நிஜச் செலவு இது. வரைபடம் போடும் பையனுக்கு மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. மென்பொருள் சந்தா 38,000. பிரிண்ட் 21,000. ஸ்கூட்டர் பெட்ரோல் 24,000 ஆனாலும் கடைக்கும் பள்ளிக்கும் அதே வண்டிதான், அதனால் தொழிலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, 16,000. போன், இன்டர்நெட்டில் தொழில் பங்கு 10,000. கரன்ட் பில்லில் முன்னறையின் பங்கு 6,000.

அப்புறம் லேப்டாப். 92,000 கொடுத்து வாங்கியது, முழுசாகக் கழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல வருடம் உழைக்கும் பொருளுக்குத் தேய்மானம், அதாவது அந்த வருடத்தில் குறைந்த மதிப்பு மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம், மேஜை நாற்காலிக்கு 10. அதிலும் அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். நான் வாங்கியது நவம்பரில். ஆக 20 சதவீதம், 18,400. தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்ததற்குக் கிடைத்த பரிசு! மே மாதம் 40,000-க்கு வாங்கிய மேஜை நாற்காலிக்கு 4,000.

எல்லாம் சேர்த்து 2,57,400. சட்டம் தானாகத் தரும் பாதியோ 6,70,000.

இப்போது வரியைப் பாருங்கள். வங்கி வட்டி 11,000 தனி, அதில் பாதிக் கணக்கெல்லாம் கிடையாது. பில் வைத்துக் கழித்தால் மொத்த வருமானம் 10,93,600, புதிய வரி முறையில் 2024-25 விகிதப்படி செஸ்ஸோடு சுமார் 66,600 ரூபாய் கட்ட வேண்டும். பாதிக் கணக்கில் 6,81,000. அந்த வருடம் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். பில்டர்கள் எனக்குப் பணம் தரும்போது 10 சதவீதம் பிடித்த டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) முழுவதும் திரும்பி வந்தது.

2025-26 நிதியாண்டிலிருந்து அந்தத் தள்ளுபடி 12 லட்சம் வரை உயர்ந்திருக்கிறது. வேறு வருமானம் இல்லாத ஆர்க்கிடெக்ட் ஒருவர் 24 லட்சம் வரவு காட்டினாலும் வரி வராது. ஆனால் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், அது வேறு தலைவலி.

சரி, பில்லே வேண்டாமா? உங்கள் செலவு வரவில் பாதியைத் தாண்டினால் கதை தலைகீழ். தனி ஆபீஸ் வாடகை, நான்கு ஆள் சம்பளம் என்று வைத்திருப்பவருக்கு நூறு ரூபாயில் எழுபது செலவாகிவிடும். அவர் பாதியை லாபமாகக் காட்டினால் சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டுகிறார் என்று அர்த்தம். நிஜச் செலவைக் கழிக்கலாம். ஆனால் முழுக் கணக்குப் புத்தகம் வேண்டும், வருமான வரிப் படிவம் ஐடிஆர்-3, மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை (அதுவரை வரியே இல்லாத தொகை) தாண்டினால் தணிக்கையும் கட்டாயம். தணிக்கைக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். செலவு 52 சதவீதம் என்றால் நானாக இருந்தால் பேசாமல் பாதிக் கணக்கிலேயே இருந்துவிடுவேன்.

நிஜச் செலவைக் கழிக்கும் வழியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ரொக்கம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது, பில் இருந்தாலும். கம்ப்யூட்டர் போன்ற பொருளை அப்படி வாங்கினால் தேய்மானமும் போச்சு. பெட்ரோல் பங்க் ரசீது ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், என் பையில் பாதி அப்படித்தான் இருந்தது. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். சைட்டுக்குப் போடும் பாதுகாப்பு ஷூவும் ஹெல்மெட்டும் தொழில் செலவு. கிளையன்ட் வீட்டுப் பூமி பூஜைக்குக் கட்டிக்கொண்டு போன புடவை? கேட்டே பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக் கட்டிய போலீஸ் அபராதமும் சேராது.

பாதிக் கணக்கு எடுப்பவர்களுக்கும் சில இடங்களில் கால் இடறும். பாதியைக் கழித்த பிறகு அதன்மேல் இன்னொரு முறை லேப்டாப் தேய்மானம் கழிக்க முடியாது. ஆனால் தேய்மானம் ஓடிவிட்டதாகவே சட்டம் கருதும். என் லேப்டாப்பின் கணக்கு மதிப்பு முதல் வருடமே 73,600 ஆகிவிட்டது. பின்னால் என்றாவது நிஜச் செலவுக்கு மாறினால் மிச்ச மதிப்பிலிருந்துதான் தொடங்க முடியும்.

இன்னொன்று, என் தொழிலுக்கே உரியது. ஒரு கிளையன்ட் பிளான் அப்ரூவல் கட்டணத்தை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, கட்டிவிடுங்கள் என்றார். என் கணக்கில் வந்தால் அதுவும் வரவாகத் தெரியும், பாதி என் லாபமென்று எடுத்துக்கொள்ளப்படலாம். இப்போதெல்லாம் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

படிவம் போடுவதற்கு முன் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமான விவரத் தொகுப்பு) இரண்டையும் இறக்கி உங்கள் டைரியோடு ஒப்பிடுங்கள். ஒரு பில்டர் என்னிடம் பிடித்த 14,000 அங்கே இல்லவே இல்லை. பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பாகக் கொடுத்திருந்தார்கள். நாலு முறை போன் செய்த பிறகுதான் திருத்தம் போட்டார்கள்.

படிவம் பெரும்பாலோருக்கு ஐடிஆர்-4. மனை விற்று லாபம் வந்திருந்தால் ஐடிஆர்-3 போட வேண்டும், அதிலும் பாதிக் கணக்கு எடுக்கலாம். அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். தாண்டினால் சரிபார்த்த நாள்தான் அனுப்பிய நாளாகும், சரிபார்க்கவே இல்லாவிட்டால் அனுப்பியதாகவே ஆகாது. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் படிவம் போடும் வரை காத்திருக்கக் கூடாது, பாதிக் கணக்குக்காரர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம்.

அந்தக் கட்டைப்பை இன்னும் இருக்கிறது, இப்போது அதில் காய்கறி வருகிறது. பில்லெல்லாம் போனில் ஒரு ஃபோல்டரில். ஒவ்வொரு டிசம்பரிலும் கூட்டிப் பார்க்கிறேன். சென்ற முறை வரவில் 31 சதவீதம். இரண்டாவது ஆளை வேலைக்கு வைத்தால் 45 ஆகும் போலிருக்கிறது.