வோர்ட் ஆற மறுத்தபோது

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதி உண்டு. காய்ச்சுவதில் எனக்குச் சிக்கல் இல்லை, ஆற வைப்பதில்தான். 20 லிட்டர் வோர்ட், அதாவது ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதித்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு. அதற்குள் செம்புக் குழாய்ச் சுருளை இறக்கிக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் 40 டிகிரிவரை மளமளவென்று இறங்கும். அப்புறம் நகராது. இங்கே குழாயில் வருவதே 29, 30 டிகிரித் தண்ணீர். அதைவிடக் கீழே எப்படிப் போகும்? ஈஸ்ட் போட எனக்கு 20 வேண்டும்.

முதல் தடவை பொறுமையில்லாமல், அடுப்பை அணைத்த கையோடு ஐஸ் தண்ணீரை விட்டேன். நாலு கிலோ ஐஸ் கரைந்ததுதான் மிச்சம்.

இப்போது 38 டிகிரி வரும்வரை வெறும் குழாய்த் தண்ணீர். (சுருளிலிருந்து முதலில் வரும் சுடுநீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்வேன்.) அதன்பின் மீன்தொட்டி பம்பை ஐஸ் வாளிக்குள் போட்டு, அதே தண்ணீரைச் சுருளுக்குள் சுற்றவிடுகிறேன். சுருளையும் சும்மா விடுவதில்லை. மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால், அதை ஒட்டிக் குளிர்ந்து நிற்கும் வோர்ட் விலகி, சூடானது வந்து படும். கடைசித் தடவை ஆறு கிலோ ஐஸில் 21 வந்தது. அந்த ஒரு டிகிரிக்காக இன்னொரு பை ஐஸ் வாங்க மனம் வரவில்லை, ஈஸ்ட்டைப் போட்டுவிட்டேன்.